முட்டுச்சந்து

மாத்தூர் தாண்டி மூன்றாவது லேஅவுட்.
நாகபூஷணம் அக்கா வீட்டு பால்கனி
இங்கிருந்தே தெரிகிறது:
காயும் நைட்டி, நீல டிரம்,
"எங்கப்பா இருக்க?" என்று போனில் கேட்கும்
அவள் வாய்கூட.

எதிர்லதான்கா.
நடுவில் ஒரு சுவர்.

அந்த மனை விற்றவனும் இந்த மனை விற்றவனும்
பேசிக்கொண்டதே இல்லை.
அவன் தெரு கிழக்கே வந்து முட்டி நிற்கிறது,
இவன் தெரு மேற்கே.
இரண்டுக்கும் நான்காவது குறுக்குத் தெரு என்று பெயர்.
எதைக் குறுக்கிட்டதோ.

சுற்றிப் போனால்
மணலிக்குத் திரும்பும் கன்டெய்னர் லாரி வரிசை,
ஒரு யூ டர்ன்,
போன மழையின் மிச்சத் தண்ணீர்,
மறுபடி இதே பால்கனி, முன்பக்கமாக.
இரண்டேமுக்கால் கிலோமீட்டர்.
கேனுக்கு எனக்கு நிற்பது ஆறு ரூபாய்.

போன வாரம் சுவரில் நாலு செங்கல் காணோம்.
அசோசியேஷன் ஆள் வைத்துப் பூசியது.
பூச்சு காயுமுன்
அதில் ஒரு பள்ளிக்கூட ஷூவின் தடம்.
இன்றைக்கு ஏழு காணோம்.
யாரென்று ஒருவரும் கேட்கவில்லை.

கேன் நுழைய இன்னும் இரண்டு போனால் போதும்.
ஸ்பேனர் வண்டியில்தான் இருக்கிறது.
"வந்துட்டேன்கா" என்கிறேன்,
வண்டியை அணைத்துவிட்டு.