சுண்டுவிரல் உறை

மேசைமேல் கையைத் தட்டையாக வை என்றார்
மருத்துவர் ஹால்பெரா.
வைத்தேன்.
உள்ளங்கைக்கும் மேசைக்கும் நடுவே
ஒரு சுண்டெலி புகுந்து போகலாம்.

எட்டு வருடமாக
உள்நோக்கி மடங்கிக்கொண்டே வந்த
இரண்டு விரல்கள்.
அக்குரேரியில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன்.
கியரைப் பிடிப்பது சுலபம்,
விடுவதுதான் பெரும்பாடு.

ஒரு மணி நேர வேலை என்றவர்
மருந்துச் சீட்டைப் பார்த்ததும்
பேனாவை மூடினார்.
வார்ஃபரின்.
எலியைக் கொல்ல வைப்பதும் அதுதான்,
என் நெஞ்சின் உலோகக் கதவில்
இரத்தம் கட்டாமல் காப்பதும் அதுதான்.
அளவில் இருக்கிறது விஷயம்.

இரவில் அந்தக் கதவு
டிக் டிக்கென்னும்.
எய்வின்டுருக்கு அது இல்லாமல்
வெளியூர் விடுதிகளில் தூக்கம் வருவதில்லையாம்.

"ஐந்து நாள் நிறுத்த வேண்டுமா?"
கேட்கும்போதே நாக்கு உலர்ந்தது.
முன்பொருமுறை கடைவாய்ப்பல் பிடுங்க
யாரையும் கேளாமல் நிறுத்தியவள் நான்.
நான்காம் நாள் மதியம்
கையில் கரண்டியை வைத்துக்கொண்டு
கரண்டி என்ற சொல்லைத் தேடினேன்.
விளக்கு வைக்கும்வரை அது வரவில்லை.
வந்ததும் அழுதேன்.
சூப் ஏடு படிந்து கிடந்தது.

ரெய்க்யாவிக்கிலிருந்து இதய மருத்துவர்
தொலைபேசியில் ஏதோ சொல்லச் சொல்ல
ஹால்பெராவின் புருவத்தையே படித்தேன்.
"நிறுத்தாதே," என்றார் கடைசியில்.
"முந்தின நாள் இரத்தம் பார்ப்போம்.
எண் மூன்றைத் தாண்டாவிட்டால் வெட்டுவேன்.
கசிந்தால் அழுத்திப் பிடிக்க
எனக்கும் கை இருக்கிறதல்லவா."

அந்த வாரம் கீரையைக்கூட
கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை.

இரண்டு புள்ளி ஆறு.

கை மட்டும் மரத்திருக்க,
எந்தத் தெருவில் முதலில் பனி சேரும் என்று
அவர் கேட்டுக்கொண்டே வெட்டினார்,
நான் சொல்லிக்கொண்டே கிடந்தேன்.
ஆஸ்பத்திரித் தெருதான் என்றபோது
திரைக்கு அப்பால் யாரோ சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் கட்டு மாற்றும்போது
அவுரிநெல்லி பறித்துவந்த கைபோல
முழங்கை வரைக்கும் நீலம்.
வீங்கி இறுகினால் மட்டும் கூப்பிடு என்றாள் செவிலி.
அது இறுகவில்லை.
பச்சையாகி, மஞ்சளாகி,
போய்ச் சேர்ந்தது.

அக்டோபரில் முதல் பனி.
பழைய தோல் கையுறையை மாட்டினேன்.
இத்தனை காலம் காலியாகக் கிடந்த
சுண்டுவிரல் உறைக்குள்
விரல் போய் எதிலோ முட்டியது.
கழற்றி உதறினால்
மீன் பொறித்த ஒற்றைக் குரோனா.
எந்தக் குளிர்காலத்துச் சில்லறையோ.

உள்ளங்கையை விரித்து
எய்வின்டுரிடம் காட்டினேன்.
கையைப் பார்க்காமல்
காசை எடுத்துக்கொண்டு,
"இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்" என்றார்
பொய்யாக.