கொதித்த நீர்

பிறந்து இருபத்தொரு நாள். பெயர் சஃப்தா.
வாஸ்லூயியில் சாலையைப் பனி மூடிய இரவு,
ட்ராக்டரில்தான் கொண்டுவந்தார்கள்.

கை கால் மட்டும் நீலமென்றால்
குளிர் என்று போர்த்திவிட்டிருப்பேன்.
உதட்டைப் பிரித்தேன்.
நாக்கு
ஈரச் சிலேட்டின் நிறம்.

இதயமோ?
காதைக் கொடுத்துக் கேட்டேன், முணுமுணுப்பில்லை.
நுரையீரலோ?
விலா குழியவில்லை, மூச்சு இரையவில்லை.
அழுதாள், அதுவும் நல்ல கோபத்தோடு.
பிராணவாயுவை முழுதாகத் திறந்தேன்.
பத்து நிமிடம்.
திரையின் எண்
எண்பத்தைந்தைத் தாண்ட மறுத்தது.

வெள்ளை வடிதாளில்
பரஸ்கீவா அவள் ரத்தம் ஒரு சொட்டு வைத்தாள்,
பக்கத்தில் என் விரலிலிருந்து ஒரு சொட்டு.
காற்றில் ஆட்டினோம்.
என்னுடையது சிவந்தது.
அவளுடையது சாக்லேட்டாகவே இருந்தது.

அப்போதுதான் கேட்டேன்,
வாசலிலேயே கேட்டிருக்க வேண்டியதை:
பால்மாவை எந்தத் தண்ணீரில் கரைக்கிறீர்கள்?

"எங்கள் கிணறுதான் டாக்டர்.
கொதிக்கவைக்காமல் கொடுத்ததே இல்லை.
பானை பாதியாகும்வரை கொதிக்கவிடுவேன்."
நிமிர்ந்து சொன்னாள் ஸம்ஃபீரா,
விடை தெரிந்த பிள்ளை எழுந்து நிற்பதுபோல.

கொதியில் கிருமி சாகும்.
சோளக்காட்டிலிருந்து இறங்கிய உரம் சாகாது.
தண்ணீர் வற்ற வற்ற
அது இறுகும்.
அதை அவளிடம் அப்போது சொல்லவில்லை.

ஊசியில் ஏறிய மருந்து
மைக்கூட்டிலிருந்து எடுத்ததுபோல் கருநீலம்.
"நீலத்துக்கு நீலமா?"
கோஸ்தாக்கே என் மணிக்கட்டைப் பிடித்தேவிட்டான்.
விடு என்றேன். விட்டான்.
மெல்ல, மிக மெல்ல,
சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி
ஐந்து நிமிடம் அழுத்தினேன்.

காதுமடலில் தொடங்கியது சிவப்பு.
பிறகு உதடு.
பிறகு, அவள் கொட்டாவி விட்டபோது,
நாக்கு.

விடியலில் மாற்றிய துணியெல்லாம் மயில்பச்சை.
பரஸ்கீவா அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு
சிரித்தாள், கொஞ்சம் அழுதாள்,
சிறுநீர்தான், மருந்து இறங்குகிறது என்று
தகப்பனுக்கும் காட்டினாள்.

மூன்றாம் நாள் ஸம்ஃபீரா கேட்டாள்:
"நான் கொதிக்கவைத்ததாலா?"

கிணற்றால் என்றேன்.
முழு உண்மையில்லை அது.
பொய் என்றும் சொல்ல முடியாது.

போகும்போது நகரத் தண்ணீர் இரண்டு கேன் கொடுத்தோம்.
ஒன்றை அவன் ட்ராக்டரில் கட்டினான்.
மற்றதை அவள் தரவில்லை.
ஒரு மடியில் குழந்தையும் கேனும்
உறைந்த சாலையில்
குலுங்கிக்கொண்டே போயின.