வரவு வைத்த ஐந்நூறு

குடியாத்தம் முன்சீப் கோர்ட்டு.
மின்விசிறிக் காற்றில் படபடக்கும் புரோநோட்டை
பெஞ்சு கிளார்க் கட்டைவிரலால் அமுக்குகிறார்.

முன்பக்கம் நாற்பதாயிரம்.
கையெழுத்து என்னுடையதுதான்.
ஏழுமலையின் ழகரம்
ரெவின்யூ ஸ்டாம்பைத் தாண்டி வழிந்திருக்கிறது.

பின்பக்கம்தான் வழக்கு.
மூன்று வருடம் முடிய ஒன்பது நாள் இருக்கையில்
வட்டியில் ஐந்நூறு நான் கட்டினேனாம்.
கீழே என் பெயர்,
எனக்கே வராத அழகில்.

"அன்றைக்கு வாதியைப் பார்த்தீரா?"

பார்த்தேன் ஐயா.
தோல் ஷாப்பு மூடிய வாரம்.
பேரணாம்பட்டிலிருந்து பஸ் ஏறி
மகளின் ஊசிக்கு
ஐந்நூறு கேட்டுத்தான் போனேன்.
சில்லறை இல்லை என்றார் தீர்த்தகிரி,
கல்லாவை மூடாமலே.

வக்கீல் அடுத்த கேள்வியைத் தேடுகிறார்.
முன் பெஞ்சில் அவர்
மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார்,
துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

அந்தத் தேதி
அவருக்கும் மறந்திருக்கவில்லை.