விருப்ப வரிசை

எக்செல்லில் ஒரு தாள் செய்து வைத்திருக்கிறேன்.
இடப்பக்கம் பாடப்பிரிவு.
வலப்பக்கம், போன வருடம் கடைசி சீட்
எந்த ரேங்கில் மூடியது என்ற கணக்கு.
சிவப்பு என்றால் கிடைக்காது.
மஞ்சள் என்றால் நேர்ந்துகொள்ள வேண்டும்.
கம்ப்யூட்டர் சயின்ஸ்
மேலிருந்து கீழ்வரை சிவப்பு.
அதே கல்லூரியில், அதே வாசலில்,
ஜியாலஜி பச்சைப்பசேல்.

ரூவியில் நாலாம் மாடி.
ஏசி சொட்டும் வாளியைக் கொட்டிவிட்டு வந்து
மறுபடி உட்காருகிறேன்.
பதினேழு வருடம் கிடங்கில் சரக்கு எண்ணியவன்.
எது நகரும், எது தேங்கும் என்று
அட்டைப்பெட்டியைப் பார்த்தே சொல்வேன்.

மூன்றாம் மாடி பெனிட்டா
எங்கள் ருமைசாவைவிட எழுநூறு ரேங்க் முன்னால்.
முன்னால் இருந்தும் வெளியே நிற்கிறாள்.
எட்டுக் கல்லூரி எழுதினாள்,
எட்டிலும் ஒரே பிரிவு.
ஒரே கதவை எட்டு ஊரில் போய்த் தட்டியிருக்கிறாள்.
மாடிப்படியில் அவள் அப்பாவைப் பார்த்தால்
செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்கிறேன்.

பள்ளியில் ஆலோசகர் தணிகைவேல் சொன்னார்:
உங்கள் பெண் கெட்டிக்காரி சார்,
கூட்டமில்லாத பின்வாசலில் ஏறுகிறாள்,
ஒரு வருடம் போனால்
முன்சீட்டுக்கு நகர்ந்துவிடலாம்.
எல்லாக் கல்லூரியிலும் நகர விடமாட்டார்கள்,
அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.
வாட்ஸ்அப்பில் மச்சான் கட்டைவிரல் அனுப்பினார்.
எல்லாம் என் தாளுக்கு வந்த பாராட்டு என்றுதான்
நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்திய நேரம் ஐந்துக்குப் பூட்டுகிறார்கள்.
இங்கே மூன்றரை.
அந்த ஒன்றரை மணி நேரத்தை
இத்தனை வருடம் லாபம் என்றே எண்ணியிருந்தேன்.
கிடங்கிலிருந்து அரைநாள் லீவு சொல்லி வந்தேன்.
திரையில் அவள் வரிசை:
முதல் விருப்பம் ஜியாலஜி.
இரண்டாவது, ஜியாலஜி.
மூன்றாவதும்.

சிவில் பச்சையாகத்தானே இருக்கிறது, மா,
அந்த ஊரில் எலக்ட்ரிக்கல்கூட மஞ்சள்தான், என்றேன்.
அவள் திரும்பவில்லை.
பச்சையா இருக்கிறதால நான் போடல, வாப்பா.

சிவப்பா இருந்திருந்தா?

அப்பவும் இதுதான்.
கிடைச்சிருக்காது. அவ்வளவுதான்.

சமாயில் போகிற சாலையில்
மலையை அறுத்து வழிவிட்ட இடம் ஒன்று உண்டு.
ஒவ்வொரு முறையும் அங்கே
நிறுத்துங்க, நிறுத்துங்க என்பாள்.
வாந்தி வருகிறதோ என்று ஓரம் கட்டுவேன்.
இறங்கி, கரும்பச்சைப் பாறையில் கைவைத்துக்கொண்டு
வெயிலில் நிற்பாள்.
கடலுக்கும் அடியில கிடந்தது வாப்பா இது,
நாம இதுக்கு மேல கார் ஓட்டிட்டு வந்திருக்கோம்.
நான் தண்ணீர் பாட்டிலை நீட்டுவேன்.
பெட்ரோல் முள்ளைப் பார்ப்பேன்.

மூன்று இருபத்தொன்றுக்குப் பூட்டினாள்.

கிடங்கில், யாரும் கேட்காத சரக்குக்குத்தான்
தள்ளுபடிச் சீட்டு ஒட்டுவோம்.
என் மகளுக்கு வேண்டியது
யாருக்கும் வேண்டாததாக இருப்பதில்
எனக்கென்ன குறை என்று தெரியவில்லை.
இரவு தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.
பெனிட்டா கேட்டதை ஆயிரம் பேர் கேட்டார்கள்.
அவள் ஆசையில் பிழை ஒன்றும் இல்லை.
இவள் ஆசையில் சாமர்த்தியமும் இல்லை.
என் தாளில் இரண்டுக்கும் நிறம் இருந்தது,
ஆசைக்குத்தான் ஒரு கட்டம் போடவில்லை.

சீட் வந்தது.
படியில் பெனிட்டாவின் அப்பா
இந்த முறை அவரே நிறுத்தினார்.
வாழ்த்துகள், அடுத்த வருஷம் மாத்திக்குவாதானே?
ம், என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
அந்த நேரத்தில் அவருக்கு அது தேவைப்பட்டது.

இப்போது பெட்டி கட்டுகிறோம்.
முப்பது கிலோதான் அனுமதி.
மற்ற பிள்ளைகள் ஊருக்குப் பேரீச்சை கொண்டுபோவார்கள்.
இவள் ஒரு ஷூ பெட்டியை நீட்டுகிறாள்,
மூடியில் நாள், இடம், கிலோமீட்டர் கல்லின் எண்.
தராசில் வைத்துப் பார்த்தேன்.
நாலு கிலோ எழுநூறு.
தலையணையையும் பால்பவுடரையும் எடுத்துவிட்டால்
சரியாக வரும்.