கீறல்

ஆடி மாதம், அறுபத்து நாலு.
டிக்கோயா கிளப்பில் ரேடியோ சொன்னது:
அமெரிக்காவில் எங்கோ, இடிமழைக்குள்,
ஒரு பாட்டுக்காரனின் சின்ன விமானம்
காட்டில் விழுந்ததாம்.
ஆளைக் கண்டுபிடிக்க இரண்டு நாளாம்.

மெக்லாரன் தொரை
கிளாசைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.
ஏழாம் நம்பர் லயத்தின் மேல் மண் சரிந்து
ஐந்து பேரைத் தோண்டியெடுத்த காலையில்
‘பெரட்டுக்கு நேரமாச்சு’ என்றவர்.

‘சின்னாண்டி, போடு’ என்றார்.
தட்டு மாற்றுவது என் வேலை.
போட்டேன்.
அவசரமே இல்லாத குரல்,
கொழுந்து நிறுக்கிறவன் பக்கத்தில் வந்து
சரியான ராத்தலைக் காதோடு சொல்வதுபோல.
அப்படி ஒருவனை நான் பார்த்ததில்லை.

பாஷை புரியாது. ‘ஹோம்’ மட்டும் தெரியும்:
தொரைமார் லீவுக்குப் போகிற இடம்.

ஐப்பசியில் அதே ரேடியோ
எங்களை லட்சக் கணக்கில் பிரித்தது.
இத்தனை அங்கே, இத்தனை இங்கே,
மிச்சம் பிறகு பார்க்கலாம்.
கிளப்பில் ஒரு கிளாசும் கீழே இறங்கவில்லை.

பூட்டின பிறகு, சத்தத்தைக் குறைத்து,
அந்தத் தட்டையே போட்டேன்.
எங்கேயோ கீறல். ஊசி
சரியாக அந்த ஒரு சொல்லைத் தாண்டிக் குதித்தது.

கீறினது யாரென்று யாரும் கேட்கவில்லை.
என் சம்பளத்தில்
மூன்று ரூபாய் பிடித்தார்கள்.