நகக்கீறல்

எங்கள் ஊரில் எழுநூற்றுப் பன்னிரண்டு வாக்கு.
அல்பேனியாவின் தென்கோடி, எர்செக்கா,
நவம்பரிலேயே குழாய் உறைந்துவிடும்.
ஆறு மணிக்கு பேண்டு வாத்தியம்.
எட்டரைக்கெல்லாம் ஊர் முழுக்க வாக்களித்துவிட்டு
அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல்
நல்ல சட்டையோடு சதுக்கத்தில் நின்றது.
வர முடியாதவள் ஒருத்திதான், ஃபத்பர்தா, பிரசவ வலி.
அவள் கட்டிலுக்கே பெட்டியைத் தூக்கிப்போனோம்.
நூற்றுக்கு நூறு என்றால் நூறுதான்.

சீட்டில் ஒரே பெயர். மடி, போடு.
வேண்டாமென்றால் பெயரை அடிக்கலாம், சட்டத்தில் இடம் உண்டு.
அதற்கென்று மூலையில் சிவப்புத் திரை,
திரைக்குள் நூலில் கட்டிய பென்சில்.
சீவி வைத்தது நான்தான்.
சாயங்காலம் அவிழ்த்தபோதும்
கூர் அப்படியே இருந்தது.

எண்ணியது மூன்று பேர்.
குழுவுக்குத் தலைமை செல்மான்,
கூட்டுறவுக் கடை கோஸ்மா,
கணக்கு டீச்சர் நான்.
எண்ணும்போது என் கண் பார்ப்பதில்லை,
கட்டைவிரல் பார்க்கும்.
நானூற்று முப்பத்தெட்டில் விரல் நின்றது.

மை இல்லை, கரி இல்லை.
விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது:
பெயரின் முதலிலிருந்து முடிவுவரை
நகத்தால் இழுத்த கோடு.
கடைசி எழுத்தில் தாள் கொஞ்சம் பிய்ந்திருந்தது.

செல்மானிடம் நீட்டினேன். அவர் கோஸ்மாவிடம்.
கோஸ்மா அதை அடுப்புப் பக்கம் திருப்பி,
வெளிச்சத்துக்கா, தீக்கா,
ரொம்ப நேரம் பிடித்திருந்தான்.

எதிர் என்று எழுதினால் கோர்ச்சாவிலிருந்து ஜீப் வரும்.
ஊரே வரிசையில் நின்று கையை நீட்டும்.
ஏழாயிரத்து நூற்றிருபது நகம்;
சுரங்கத்தில் விரல் போன நெவ்ரூஸைக் கழித்தால் மூன்று குறையும்.
கணக்கு எனக்கு உடனே வந்துவிட்டது.
செல்லாதது என்றால், ஏன் என்பார்கள்.

“அச்சுக் கோளாறு,” என்றார் செல்மான்.
“தாளே மட்டம்,” என்றான் கோஸ்மா.
நானூற்று முப்பத்தெட்டு, ஆதரவு,
என்று எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

யாரோ ஒருவரைக் காப்பாற்றிவிட்டோம்
என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.
தூக்கம் வந்தது.
அந்தத் தூக்கத்தைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் வானொலியில் எங்கள் ஊரும் நூறு.
ரொட்டி வரிசை அதே நீளம்.
அந்தக் குளிர்காலத்தில் லிரியின் புருஷனைக் கொண்டுபோனார்கள்,
வேறெதற்கோ, இறைச்சியைப் பற்றி ஏதோ வேடிக்கை சொன்னானாம்.
பிறகு பல வருஷம் எதுவும் நடக்கவில்லை.

சிலை விழுந்த பிறகு, காபிக் கடையில்,
அன்றைக்குப் பெயரை அடித்தவன் நான்தான் என்று
முதலில் சொன்னவர் கால்நடை டாக்டர்.
அப்புறம் தபால்காரர்.
அப்புறம் அண்ணன் தம்பி இரண்டு பேர், சேர்ந்தே.
இதுவரை பதினொரு பேர்.
எல்லோரும் பென்சில் என்றார்கள். ஒருவர் மட்டும் பேனா.
நகம் என்று யாரும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

செல்மான் இறந்துவிட்டார்.
கோஸ்மா கிரேக்கத்தில் எவர் தோட்டத்திலோ ஆலிவ் பறிக்கிறான்.
ஃபத்பர்தாவைச் சந்தையில் பார்ப்பேன்.
அன்று சீட்டை அவள் கையில் வைத்ததும் நான்தான்.
வாங்கின அந்த நொடி ஒரு வலி வந்தது,
சீட்டோடு சேர்த்துக் கட்டில் சட்டத்தைப் பிடித்தாள்,
நாங்கள் மரியாதைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அந்தக் கோடு அந்த வலிதானா என்று
ஒருநாளும் கேட்டதில்லை.
ஆமாம் என்றுவிட்டால்
எங்கள் ஊரில் எதிர்த்தவர் தொகை பூஜ்யம்.
இல்லை என்றால், அவள் சொன்னதற்கு மேல்
என் கையெழுத்து இருக்கிறது.

பிளம் பழம் பொறுக்குகிறாள்,
ஒவ்வொன்றாய்க் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து.
நகத்தை ஒட்ட வெட்டியிருக்கிறாள்.
அன்றும் அப்படித்தானா, நினைவில்லை.
“விலை ஏறிப்போச்சு, டீச்சர்,” என்கிறாள்.
ஆமாம் என்கிறேன்.
பையை மறு கைக்கு மாற்றிக்கொள்கிறேன்.