வடிகால்

பேக்கரி மூடிய மறுவாரம்
பண்டாரவளை பழைய சாமான் கடையில்
அந்தக் கண்ணாடி அலுமாரி கிடந்தது.
இரண்டாயிரத்து ஐந்நூறுக்குப் பேசி முடித்தேன்.
மாலுபாண் தட்டுகளைக் கழற்றிய பிறகும்
மூலையில் எண்ணெய் வாசம்.
மூன்று தடவை சாம்பல் போட்டுத் தேய்த்தேன்.
பாம்புக்கு மூக்கு நாக்கில் இருக்கிறது,
யாரோ விட்டுப்போன பசியை
அது ஏன் முகர வேண்டும்?

ஏழாம் நம்பர் மலையில் கவ்வாத்துக் கத்தி
வாலில் ஒரு விரல் நீளம் கொண்டுபோயிருந்தது.
பச்சைக் கண்கொத்தி.
எல்லோரும் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓட
சோற்றுத் தூக்குச்சட்டியைக் கவிழ்த்துவிட்டு
அதற்குள் போட்டுக் கொண்டுவந்தேன்.
'பார்த்துப் பார்த்துக் கண்ணைத்தான் கொத்தும்'
என்றாள் ரெஜினா, காம்பராவுக்கு வெளியே நின்று.
'அதன் கண்ணைப் பார்த்தாயா நீ?' என்றேன்.
படுக்கப்போட்ட சாவித்துவாரம்.
அன்றிரவு அவள்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே தூங்கினாள்.

தரைப்பாம்புக்கு நீளம் போதும்,
இதற்கு உயரம் வேண்டும்.
படுத்திருந்த அலுமாரியை நிமிர்த்தினேன்.
கதவு முன்பக்கம்தான்:
மேலிருந்து இறங்கும் கை எதுவானாலும்
அதற்குப் பருந்து.
மூடிக்கு, கொழுந்து வாட்டும் தொட்டியில்
கழித்துப்போட்ட கம்பிவலை.
கிளைக்குக் கொய்யா, விரல் பருமன் போதும்.
அது ஏறினால் இலை ஒருமுறை தலையாட்டும்,
அதற்குமேல் பாரமில்லை அதனிடம்.

அடியில் ஓடைக்கல்.
அதன்மேல் அடுப்புக்கரி, பிறகு நுளம்புவலைத் துண்டு,
தும்புத்தூள், கடைசியில் சவுக்கு மரத்தடி மண்.
ஒரு போத்தல் தண்ணீரை மெல்ல ஊற்றி
கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டேன்.
இறங்கியது.
கல்லுக்குள் போய் நின்றது, மண் நகரவில்லை.
எத்தனையோ மாரிக்குப் பிறகு
தண்ணீர் இறங்கும் சத்தத்தைப் பயமில்லாமல் கேட்டேன்.

பன்னம் வைத்தேன். கக்கூஸ் சுவர்ப் பாசியைச் சுரண்டி ஒட்டினேன்.
மணிப்பிளாண்ட், துரை பங்களா வேலிக்கு வெளியே
தானாக எட்டிப் பார்த்தது. (அப்படித்தான் சொல்வேன்.)
தேயிலை மட்டும் வைக்கவில்லை.
இந்த மலையில் ஒரு முழ இடமாவது
பேர் போடாமல் இருக்கட்டும்.

பதினொரு நாள் அது சாப்பிடவில்லை.
பக்கத்துக் காம்பரா ஷெரோன்
ஓணான் குஞ்சு கொண்டுவந்தான், ஒன்று இருபது ரூபாய்.
காற்றே இல்லாத பெட்டிக்குள்
காற்றடித்த கொப்பைப் போல அது ஆடிக்கொண்டிருந்தது,
அவ்வளவுதான்.
பன்னிரண்டாம் நாள் விடிய
ஓணானைக் காணவில்லை.
ரெஜினா எட்டிப் பார்த்து
'சாப்பிட்டதா?' என்றாள், பிள்ளையைக் கேட்பதுபோல.
கேட்டபிறகு வெட்கப்பட்டாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.
கச்சேரியிலிருந்து மண் பார்க்கிற ஐயா வந்தார்.
தரை வெடிப்பில் பேனையைச் செருகினார்,
மூடி வரைக்கும் போனது.
லயத்துக்குப் பின்னால் போய்
மேட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு
நனைந்தபடி உள்ளே வந்தவர்
பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.
கல், கரி, வலை, தும்பு, மண்.
ஒவ்வொன்றாய் விரல் வைத்துக்கொண்டு போனார்.
பாம்பை அவர் பார்க்கவேயில்லை.
'யார் கட்டியது?'
'நான்தான் ஐயா.'
'வடிகால் சரியாக இருக்கிறது' என்றார்.
பிறகு எங்கள் பன்னிரண்டு காம்பராவுக்கும்
ஒரே சிவப்புத் தாளாய் எழுதி
தூணில் ஒட்டினார்.

இன்றிரவுக்குள் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும்.
இலையில் தண்ணீர் தெளித்தேன்.
நுனியில் தொங்கிய துளியிடம் தாடையைக் கொண்டுபோய்
அவசரமேயில்லாமல் அது குடித்தது.
ரெஜினா அடையாள அட்டைகளை எடுத்தாள்,
சின்னவளின் சப்பாத்தை,
பிறகு என் கையிலிருந்த தெளிப்புப் போத்தலை வாங்கி
பைக்குள் நட்டமாக வைத்தாள்.
மழையில் இதற்கு என்ன வேலை என்று
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
முந்தானையில் முடிந்தாள்.
'தூக்கு' என்றாள்,
'ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்.'